கேளுங்க சொல்றேன்: இந்த வாரம் ரெண்டு கால் ரோபோ

பெய்ஜிங் ரோபோ மாரத்தான் பத்தி போன இதழ்ல ஒரு துணுக்கு போட்டாலும் போட்டோம், வந்து குவிஞ்ச கேள்விகள்ல பாதிக்கு மேல அதான். அரசியல், சினிமா, ஜோசியம் கேட்டவங்க எல்லாம் ஒரு வாரம் பொறுத்துக்கங்க, இத முடிச்சுட்டு வந்துடறேன்.

அந்த மாரத்தான்ல ரோபோ நிஜமாவே ஓடிச்சா, இல்ல ஆளுங்க தள்ளிட்டு போனாங்களா?
– காலையில 5 கிலோமீட்டர் ஓடுற வாசகர், சேலம்

ஓடிச்சுங்க, ஆனா தனியா ஓடல. 2025 ஏப்ரல் 19, பெய்ஜிங்ல யிஜுவாங்னு ஒரு ஏரியா, 21 கிலோமீட்டர் ஹாஃப் மாரத்தான், தடுப்புக்கு அந்தப்பக்கம் ஆயிரக்கணக்குல மனுஷங்க, இந்தப்பக்கம் 21 ரோபோ, ஒவ்வொரு ரோபோவுக்கும் பக்கத்துலயே மூச்சு வாங்க ஓடி வர்ற ஆளுங்க. ஜெயிச்சது தியான்கோங் அல்ட்ரா, 2 மணி 40 நிமிஷம் 42 செகண்ட். மனுஷங்கள்ல முதல்ல வந்தவர் ஒரு மணி ரெண்டு நிமிஷத்துலயே முடிச்சுட்டாரு. தியான்கோங்குக்கு முன்னாடி ஒருத்தர் சிக்னல் குடுக்கிற கருவிய மாட்டிக்கிட்டு ஓடுவாரு, அது அவர் பின்னாடியே போகும். வழியில மூணு தடவ பேட்டரி மாத்துனாங்க, ஒரு தடவ விழுந்துச்சு. மத்ததெல்லாம் இன்னும் மோசம். ஒண்ணு ஸ்டார்ட்டிங் லைன்லயே விழுந்து கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக் கிடந்துட்டு அப்புறமா எழுந்து ஓடிச்சு, இன்னொண்ணு சில மீட்டர் போனதுமே ஓரத்து கம்பில போய் மோதி கூட வந்த ஆபரேட்டரையும் சேர்த்து கீழ தள்ளிடுச்சு. கடைசி வரைக்கும் வந்தது ஆறு தான்.

நெட்ல எல்லாரும் விழுற வீடியோவ போட்டு சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஆனா எனக்கு அந்த ஆறு தான் பெருசா தெரியுது, ஏன்னா மேடையில ரெண்டு நிமிஷம் நடந்து காட்டுறதும் ரெண்டரை மணி நேரம் ரோட்டுல மோட்டார் சூடேறி, ஸ்க்ரூ லூசாகி, பள்ளம் மேடு பார்த்து ஓடுறதும் ஒண்ணே இல்ல. அதே வருஷம் ஆகஸ்ட்ல பெய்ஜிங்லயே ரோபோவுக்குன்னு தனியா ஒரு விளையாட்டுப் போட்டி வச்சாங்க, அதுல யூனிட்ரீ கம்பெனியோட எச்1 ரோபோ 1500 மீட்டர 6 நிமிஷம் 34 செகண்ட்ல ஓடிச்சு. மனுஷ ரெக்கார்டு 3 நிமிஷம் 26 செகண்ட். நீங்க காலையில ஓடும்போது ஒரு தடவ டைம் பார்த்துக்கங்க, உங்களுக்கும் அதுக்கும் எவ்ளோ தூரம்னு தெரியும்.

என் பேரன் ஒரு வயசுல நடந்துட்டான். இத்தன படிச்சவங்க, இத்தன கோடி பணம், ஒரு மெஷின நடக்க வைக்க 50 வருஷமா?
– ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், கும்பகோணம்

50க்கும் மேலங்க ஐயா. 1973ல டோக்கியோ வாசெடா யுனிவர்சிட்டியில இச்சிரோ கட்டோன்னு ஒரு பேராசிரியர் தன் டீமோட வாபாட்-1னு மனுஷ சைஸ்ல ஒண்ணு பண்ணாரு. நடந்துச்சு. ஒரு அடி எடுத்து வைக்க ஏறக்குறைய 45 செகண்ட். ஒரு காலத் தூக்கி, உடம்பு வெயிட்ட முழுசா மத்த காலுக்கு மாத்தி, ஆடாம நின்னுட்டு, அப்புறம் தான் அடுத்த அடி.

விஷயம் என்னன்னா நாம நடக்கிறதே ஒரு வகையில விழுறது தான். உடம்ப முன்னாடி சாய விட்டுட்டு முகம் தரையில அடிக்கிறதுக்குள்ள அடுத்த கால கொண்டு வந்து வைக்கிறோம், மறுபடி சாய்றோம். துடைப்பத்த உள்ளங்கையில நிக்க வச்சு விளையாடுவோமே, அதுல கை நகர்ந்துட்டே இருந்தா தான துடைப்பம் நிக்கும், அதே கதை. ஆனா ஆரம்பத்துல இருந்தவங்க சாயவே விடக்கூடாதுன்னு பார்த்தாங்க. அதுக்கு ஒரு நல்ல கணக்க பெல்கிரேடுல இருந்த வுகோப்ராடோவிச் 1968லயே குடுத்துட்டாரு, ஜீரோ மொமென்ட் பாயின்ட், சுருக்கமா இசட்எம்பி. தரை உங்க பாதத்த மேல தள்ளுது இல்லையா, அந்த மொத்த தள்ளும் ஒரே புள்ளியில இருக்கிறதா எடுத்துக்கிட்டா அந்தப் புள்ளி பாதத்தோட விளிம்ப தாண்டாத வரைக்கும் பாதம் தரையில தட்டையா நிக்கும், விளிம்புக்கு வந்துட்டா பாதம் புரளும், ஆள் காலி. அவ்ளோ தான். அப்புறம் ஜப்பான்ல வந்த ரோபோ பலதும் இந்தப் புள்ளிய பாதத்துக்குள்ள வச்சுக்கிறதுக்காக தான் அப்படி ஜாக்கிரதையா நடந்துச்சுங்க.

அந்தக் கால வீடியோ எடுத்துப் பாருங்க, பெரும்பாலும் முட்டிய மடக்கி, லேசா உட்கார்ந்த மாதிரியே நடக்கும். அது ஸ்டைல் இல்ல. முட்டி முழுசா நீண்டுட்டா இடுப்ப இன்னும் மேல தூக்க வழி கிடையாது, கணக்கு அங்கயே மாட்டிக்கும், அதனால எப்பவும் கொஞ்சம் மடக்கியே வச்சிருந்தாங்க. அப்படியே முட்டிய மடக்கிட்டு நீங்க தெருக்கோடி வரைக்கும் நடந்து பாருங்க, தொடை என்ன கதியாகும்னு தெரியும், ரோபோவோட பேட்டரிக்கும் அதே கதி தான்.

உங்க பேரனும் ஒரு வயசுக்கு முன்னாடி எத்தன தடவ விழுந்தான்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க, அந்த விழுறத பத்தி கீழ ஒரு தம்பி கேட்ட கேள்வியில சொல்றேன்.

சின்ன வயசுல டிவில அசிமோ பார்த்து வாய பொளந்தேன். இப்ப எங்க அது?
– வாசகி, மதுரை

ரிட்டயர் ஆயிடுச்சு. ஹோண்டா கம்பெனி 1986ல யாருக்கும் சொல்லாம வெறும் ரெண்டு கால மட்டும் வச்சு ஆரம்பிச்சது, பத்து வருஷம் வெளிய மூச்சு விடல, 1996 டிசம்பர்ல பி2ன்னு 182 சென்டிமீட்டர் உயரம் 210 கிலோ வெயிட்ல ஒண்ண கொண்டு வந்து நிறுத்துனதும் ரோபோ ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்த மொத்த உலகமும் ஆடிப்போச்சு. அத சுருக்கி சுருக்கி 2000த்துல வந்தது தான் அசிமோ, 120 சென்டிமீட்டர், பள்ளிக்கூட பையன் பை மாட்டிட்டு வர்ற தோற்றம். 2011 மாடல் மணிக்கு 9 கிலோமீட்டர் ஓடிச்சு.

2006ல டோக்கியோல ஒரு நிகழ்ச்சி, படியேறிட்டு இருந்தப்ப மூணாவது நாலாவது படில கால் தவறி பின்பக்கமா விழுந்துச்சு, உடனே ஆளுங்க ஓடி வந்து தட்டி வச்சு மறைச்சாங்க. அந்த மறைக்கிற இடம் தான் அந்தக் காலத்து மனசு, விழுந்தா மானம் போச்சு. 2018ல ஹோண்டா அசிமோ வேலைய நிறுத்திடுச்சு, 2022 மார்ச்ல டோக்கியோ மிராய்கான் மியூசியத்துல கடைசி ஷோ. எனக்கு ஒரு வருத்தம் உண்டு, விக்க முயற்சியே பண்ணாம இத்தன வருஷம் ஒரு கம்பெனி அதுக்கு சோறு போட்டுச்சு பாருங்க, இப்ப யாரு பண்ணுவா.

பேக்ஃப்ளிப் அடிக்கிற ரோபோவுக்கு நடக்கிறதெல்லாம் ஜுஜுபி இல்லையா சார்?
– ஜிம் மாஸ்டர், ஆவடி

தலைகீழ், மாஸ்டர். பேக்ஃப்ளிப், அதான் பின்பக்கமா அடிக்கிற குட்டிக்கரணம், எங்க இருந்து கிளம்புது, எவ்ளோ உயரம், எங்க இறங்கணும் எல்லாம் முன்னாடியே தெரியும், தரையும் தெரிஞ்ச தரை, சரியா வர்ற வரைக்கும் எடுத்துட்டே இருந்து வந்தத போடலாம். பாஸ்டன் டைனமிக்ஸ் கம்பெனியோட அட்லஸ் ரோபோ 2017 நவம்பர்ல அடிச்சது அப்படித்தான், சாதனை தான், இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம மார்க்கெட் தெருவுல ஈரத்துல, தக்காளித் தோல் மேல, குறுக்க ஒரு சைக்கிள் வர்றப்ப ஒரு கூடையோட நடக்கிறதுக்கு ரிகர்சல் கிடையாதே.

இன்னொண்ணு சொல்றேன். ஒரிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியோட காஸி, தலை கை எதுவும் கிடையாது, வெறும் ரெண்டு கால், 2022ல 100 மீட்டர 24.73 செகண்ட்ல ஓடி கின்னஸ்ல ஏறுச்சு. அதுல ஓடுற பாகம் ஈசியா வந்துடுச்சாம், சும்மா நின்னுட்டு இருந்து கிளம்புறதும், ஓடி முடிச்சு விழாம நிக்கிறதும் தான் அவங்கள படுத்துன பாகம்.

சிமுலேஷன்ல கத்துக்குதுன்னு சொல்றாங்க, அப்படின்னா என்ன? கேமுக்குள்ள நடந்தா வெளிய எப்படி நடக்கும்? எங்க சாரே சொல்லித் தர மாட்றாரு.
– மெக்கானிக்கல் மூணாவது வருஷம், கோவில்பட்டி

தம்பி, சாரப் பாவம் விட்டுடு, அவர் படிச்சப்ப இது இல்ல. இந்தப் பத்து வருஷத்துல மாறுனது ரெண்டு விஷயம், ரெண்டும் சேர்ந்து தான் வேலைக்கு ஆச்சு.

முதல்ல மோட்டார், ஏன்னா எல்லாரும் ஏஐ ஏஐன்னு கத்துறதுல இத மறந்துடுறாங்க. பழைய ரோபோல சின்ன மோட்டார் வேகமா சுத்தும், அத நூறுக்கு ஒண்ணு ரேஞ்சுல கியர் போட்டு குறைச்சு பலமாக்குவாங்க. பலம் வரும், ஆனா வெளிய இருந்து கால்ல ஒரு அடி விழுந்தா அந்த கியர்லயே நின்னுடும், மோட்டாருக்கு எதுவும் தெரியாது, கல்ல மிதிச்சாலும் தெரியாது. எம்ஐடில சாங்பே கிம் குரூப் சீட்டாங்கிற நாலு கால் ரோபோவுக்காக வேற வழி எடுத்தாங்க, ட்ரோனுக்குப் போடுற மாதிரி அகலமா சப்பையா மோட்டார், கியர் ரொம்ப கம்மி. இப்ப கால் எதுலயாவது பட்டா அது அப்படியே மோட்டார் கரன்ட்ல தெரியும், தனி சென்சாரே தேவையில்ல, அடி விழுந்தா கியர் பல்லு உடையாம கால் விட்டுக் குடுக்கும். விழுந்தா உடையாத ரோபோ, விலையும் கம்மி. யூனிட்ரீ மாதிரி கம்பெனிங்க நாலு கால் ரோபோல இந்த வழியில பழகிட்டு தான் ரெண்டு காலுக்கு வந்தாங்க.

ரெண்டாவது நீ கேட்டது. கம்ப்யூட்டருக்குள்ள ரோபோவோட அச்சு அசல் மாடல், எடை, மூட்டு, மோட்டார் பலம் எல்லாம் இருக்கும். அதுக்கு நடக்கவே சொல்லித் தர மாட்டோம், முன்னாடி போனா மார்க், விழுந்தா மார்க் கட், கரன்ட் அதிகம் எடுத்தாலும் கட், அவ்ளோ தான். முதல்ல வலிப்பு வந்த மாதிரி ஒதறும், விழும், மறுபடி எழுப்பி விடும், இப்படி கோடிக்கணக்கான அடி. 2021ல சூரிச் இடிஎச் யுனிவர்சிட்டியும் என்விடியா கம்பெனியும் சேர்ந்து ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டுல 4096 நாலு கால் ரோபோவ ஒரே நேரத்துல ஓட விட்டாங்க, சமதளத்துல நடக்கக் கத்துக்க நாலு நிமிஷத்துக்கும் கம்மி, மேடு பள்ளம் படிக்கட்டுக்கு 20 நிமிஷம். வாபாட் அடுத்த அடி எடுக்கிற நேரத்தோட வச்சுப் பாரு.

கேமுக்குள்ள இருந்து வெளிய வர்றது தான் நீ கேட்டதுல நல்ல பாகம். கேம் எப்பவும் பொய் தான், தரை வழுக்கல் சரியா இருக்காது, மோட்டார் எவ்ளோ லேட்டா வேலை செய்யும்ங்கிறது சரியா இருக்காது. அதனால வேணும்னே கேமுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு ரோபோவுக்கும் வேற வேற உலகம் குடுப்பாங்க, ஒண்ணுக்கு தரை எண்ணெய் கொட்டுன மாதிரி, ஒண்ணுக்கு முதுகுல ரெண்டு கிலோ எக்ஸ்ட்ரா, ஒண்ணுக்கு மோட்டார் வீக், நடுவுல திடீர்னு யாரோ இடிச்சு தள்ளுற மாதிரி. இத்தனையிலயும் விழாம நடக்கப் பழகுனது தான் தேறும், அதுக்கு நிஜ உலகம் இன்னொரு மாதிரி உலகம், அவ்ளோ தான். இந்த வழியில தான் காஸி கேமராவே இல்லாம மாடிப்படி ஏறுச்சு, படி இருக்குன்னே அதுக்குத் தெரியாது, கால் தடுக்கும், சமாளிக்கும், ஏறிடும். 2021ல அது 5 கிலோமீட்டர ஒரே சார்ஜ்ல 53 நிமிஷத்துல முடிச்சுது, அதுல ரெண்டு தடவ விழுந்துச்சு, ஒண்ணு கம்ப்யூட்டர் சூடாகி, இன்னொண்ணு ரொம்ப வேகத்துல திரும்பச் சொன்னதால. ரெண்டாவது ஆபரேட்டர் தப்பு, நடைக்கு மார்க் குறைக்காத.

மோட்டாரே இல்லாம நடக்கிற ரோபோ இருக்காமே, என் ஃப்ரெண்டு அளக்கிறானா?
– வாசகர், புதுச்சேரி

அளக்கல. 1990ல கனடால டாட் மெக்கீர் அப்படி ஒண்ணு பண்ணிக் காட்டுனாரு, லேசான சரிவுல வச்சு விட்டா தன்னாலயே கால மாத்தி மாத்தி வச்சு இறங்கும், மோட்டார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, கால் நீளமும் எடையும் தான் மூளை. அந்த ஐடியாவ வச்சு கார்னெல் யுனிவர்சிட்டில ஆண்டி ரூயினா குரூப் ரேஞ்சர்னு ஒண்ணு பண்ணி, சின்ன மோட்டார் போட்டு, 2011 மே மாசம் உள்ளரங்க டிராக்ல விட்டாங்க. 65 கிலோமீட்டர், 30 மணி 49 நிமிஷம், 1,86,076 அடி, நடுவுல சார்ஜ் ஏத்தல, யாரும் தொடல. அசிமோ அதே தூரம் நடக்க அதோட எடைக்கு மனுஷன விட பத்து மடங்குக்கு மேல எனர்ஜி தின்னும்னு கணக்கு சொல்றாங்க.

ஆனா ரேஞ்சர் படியேறாது, பக்கவாட்டுல சாயாம இருக்க உள்ள ரெண்டு வெளிய ரெண்டுன்னு கால ஜோடி சேர்த்திருப்பாங்க, வளைவுல ரிமோட் வச்சு மனுஷன் தான் திருப்பணும். ஃப்ரெண்டு கிட்ட இதையும் சொல்லிடுங்க.

சக்கரம் வச்சா வேலை முடிஞ்சுது. எதுக்கு இந்தக் கால் வீம்பு?
– டிராக்டர் மெக்கானிக், பொள்ளாச்சி

பாதி உங்க கட்சி தான் நான். ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்கு அப்புறம், மனுஷன் உள்ள போக முடியாத இடத்துக்கு அனுப்ப ரோபோ வேணும்னு அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பு டார்பா ஒரு போட்டி வச்சுது, ஃபைனல் 2015 ஜூன், கலிபோர்னியா பொமோனா. வண்டி ஓட்டணும், இறங்கணும், கதவத் திறக்கணும், வால்வு திருப்பணும், சுவத்துல ஓட்டை போடணும், இடிபாட்ட தாண்டணும், படியேறணும். கதவுப் பிடிய தொட்டதும் மல்லாந்தது எத்தன, வண்டில இருந்து இறங்கும்போதே குப்புற அடிச்சது எத்தன, அந்த வீடியோவெல்லாம் இப்பவும் ஓடுது. ஜெயிச்சது கொரியாவுல இருக்கிற கெய்ஸ்ட் யுனிவர்சிட்டியோட ஹூபோ, 20 லட்சம் டாலர் பரிசு, எட்டு வேலையும் 44 நிமிஷம் 28 செகண்ட்ல. எப்படின்னா அதுக்கு முட்டில சக்கரம் வச்சிருந்தாங்க, சமதளம் வந்தா மண்டி போட்டு உருண்டு போகும், படி வந்தா மட்டும் எழுந்து ஏறும்.

மில் மாதிரி சமதளமான இடத்துல சக்கரம் தான் புத்திசாலித்தனம். கால் வேணும்னு சொல்றவங்க சொல்றது வேற, நம்ம வாசப்படி, மாடிப்படி, குறுகலான சந்து எல்லாமே காலுக்காக கட்டுனது, உலகத்த இடிச்சுக் கட்ட முடியாதுன்னு. அந்தப் பாதி அவங்க கட்சி.

எங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. தண்ணி கேன் தூக்கிட்டு வர ஒண்ணு எப்ப வாங்கலாம்? விலை எவ்ளோ?
– இல்லத்தரசி, வியாசர்பாடி

விலைய மட்டும் பார்த்தா கிட்ட வந்துடுச்சும்மா. யூனிட்ரீ ஜி1 2024ல வந்தப்ப 16,000 டாலர், நம்ம காசுக்கு பதிமூணு லட்சத்துக்கு மேல, வரி தனி. அடுத்த வருஷமே ஆர்1னு 5,900 டாலர்ல ஒண்ணு விட்டாங்க. ஆனா ஜி1 உயரம் உங்க தோள் அளவு தான் இருக்கும், எடை 35 கிலோ, ஒரு சார்ஜுக்கு ரெண்டு மணி நேரம், அந்த விலைக்கு விரல் வச்ச கையே கிடையாது. 20 லிட்டர் கேன் 20 கிலோங்க, அத தூக்குனா அதுவும் கேனும் சேர்ந்து உருண்டு உங்க வீட்டுக் கீழ் போர்ஷன்காரர் வாசல்ல தான் நிக்கும்.

அதோட இப்ப வர்ற வீடியோ எல்லாத்தையும் நம்பிடாதீங்க. 2024 அக்டோபர்ல டெஸ்லா நிகழ்ச்சியில ஆப்டிமஸ் ரோபோ வந்தவங்களுக்கு டிரிங்க் ஊத்திக் குடுத்து பேசிச்சு, பின்னாடி இருந்து ஆளுங்க ரிமோட்ல உதவுனது அப்புறமா வெளிய வந்துச்சு. நடக்கிறது பெரும்பாலும் தானா நடக்கும், கை வேலை தான் இன்னும் இழுவை.

எனக்கு இன்னொரு பயம் இருக்கு, அத யாரும் பெருசா பேசறதில்ல. ஃபேக்டரி ரோபோ கைல சிவப்பு பட்டன் இருக்கும், ஏதாவது ஆச்சுன்னா அமுக்குனா கரன்ட் கட், அப்படியே நிக்கும், எல்லாரும் பத்திரம். ரெண்டு கால்ல நிக்கிறதுக்கு கரன்ட் கட் பண்ணா நிக்காது, விழும், யார் மேல விழும்னு சொல்ல முடியாது. அதனால தான் அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல ஒரு குடோன்ல 2024ல இருந்து சம்பளத்துக்கு ஆள் வச்ச மாதிரி வேலை பாக்கிற டிஜிட் ரோபோ, கூடைய எடுத்து கன்வேயர்ல வைக்கிற ஒரே வேலைய, மனுஷங்க வராத தனி இடத்துல பாக்குது. குழந்தை ஓடுற வீட்டுக்குள்ள அத விட இன்னும் விதிமுறையே ஒழுங்கா எழுதி முடிக்கல. கேன் போடுற தம்பிக்கு மாடிக்கு பத்து ரூபா எக்ஸ்ட்ரா குடுங்க, இப்போதைக்கு அதான் லாபம்.

இஸ்ரோவோட வியோமித்ரா நடக்குமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி

நடக்காதும்மா, அதுக்கு கால் கிடையாது. 2020 ஜனவரில பெங்களூருல காட்டுனப்பவே பாதி உடம்பு ரோபோன்னு சொல்லித்தான் காட்டுனாங்க. ககன்யான்ல ஆள் இல்லாம போற டெஸ்ட்டுக்கு சீட்டுல உட்கார்ந்து சுவிட்ச் போடுறது, தகவல் சொல்றது தான் அதோட வேலை, விண்வெளில தரையே இல்லாதப்ப கால வச்சு என்ன பண்ண. நாசாவும் 2011ல ரோபோநாட்-2வ கால் இல்லாம தான் மேல அனுப்புச்சு, 2014ல கால் அனுப்புனாங்க, அதுவும் நடக்கிற கால் இல்ல, உள்ள இருக்கிற கைப்பிடி கம்பிய பிடிச்சு பிடிச்சு நகர்ற கால்.

கையில காசு இல்ல, லேப்டாப் மட்டும் இருக்கு. நானும் ஒரு ரோபோவ நடக்க வைக்கணும்.
– டிப்ளமோ, ஓசூர்

காசே வேணாம். முஜோகோன்னு ஒரு சிமுலேட்டர், முன்னாடி லைசென்ஸ் வாங்கணும், கூகுளோட டீப்மைன்ட் கம்பெனி அத வாங்கி 2022ல எல்லாருக்கும் ஓப்பனா விட்டுட்டாங்க. அதோட மெனாஜரின்னு ஒரு மாடல் தொகுப்பும் ஃப்ரீயா இருக்கு, காஸி, ஜி1 எல்லாம் அதுல இருக்கு, டவுன்லோட் பண்ணி நிக்க வை. கொஞ்சம் பைத்தான் தெரிஞ்சா போதும். எடுத்ததும் மனுஷ உருவத்துக்குப் போகாத, மூட்டு கம்மியா இருக்கிற ஒத்தக் கால் தவ்வுற மாடல்ல ஆரம்பி, சாதா லேப்டாப்லயே ஓடும். முன்னாடி போனா மார்க்னு மட்டும் எழுதுனா அது நடக்காது, ஒரே பாய்ச்சலா முன்னாடி விழுந்து அந்த மார்க்க வாங்கிட்டுப் போயிடும், நிமிர்ந்து இருக்கிறதுக்கும் தனியா மார்க் போடு. அப்பவும் தரையில கால தேய்ச்சு தேய்ச்சு ஏமாத்தும், பாதத்த தூக்குறதுக்கு கொஞ்சம் சேர்த்துக்க. எங்கயாவது மாட்டிக்கிட்டா எந்த இடத்துலன்னு தெளிவா எழுதி அனுப்பு, சும்மா 'ஒர்க் ஆகல சார்'னு ஒரு வரி போட்டா பதில் வராது.